கொடியின் வயதும் கடனின் வயதும்

அண்மைக்காலமாக நம் வங்கிக்கு வரும் வேளாண் கடன் விண்ணப்பங்களில் புதுப்பயிர்களின் பெயர்கள் பெருகி வருகின்றன. டிராகன் பழம், வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான், மக்கடாமியா என்னும் வரிசையில் இப்போது கிவியும் சேர்ந்துகொண்டுள்ளது. மைசூருவில் குடியிருந்தவாறே நீலகிரியிலோ குடகிலோ கொடைக்கானல் மலையிலோ ஓரிரு ஏக்கர் பூர்விக நிலத்தைப் பேணிவரும் தமிழ் வாடிக்கையாளர்கள் இதுபற்றி ஆர்வத்துடன் வினவுகிறார்கள். பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை கிடைக்காமல் பல்லாண்டுகளாகத் தவிக்கும் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு மாற்றுப்பயிர் என்பது பொழுதுபோக்கு ஆசையன்று. நிலத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்கான வழி. ஆகவே அவர்கள் கேள்விக்குப் பொறுப்பான விடை தரவேண்டியது நம் கடமையாகிறது.

“கிவி குளிர்நாட்டுப் பழம், எங்கள் மலையும் குளிர்மலைதானே?” என்பது வழக்கமான வாதம். கடுங்குளிரைத் தாங்குவதாகச் சொல்லப்படும் ‘ஹார்டி கிவி’ என்னும் வகையைப் பற்றிய விளம்பரங்கள் இந்த வாதத்துக்கு மேலும் வலிமை சேர்க்கின்றன. நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கிவியை வேண்டாமென்று ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் அதைக் கடனைக்கொண்டு தொடங்கக்கூடாது, சோதனையைக்கொண்டு தொடங்கவேண்டும். சோதனை தேறிய பிறகு கடன் வாங்கினாலும், கொடியின் வளர்ச்சிக் காலத்தைவிடக் குறுகிய கடன் எதுவும் அதற்குப் பொருந்தாது.

லால்பாக்கில் தொடங்கிய கதை

இந்தியாவில் கிவிக்கொடி முதலில் நடப்பட்ட இடம் இமயமலை என்று பலரும் கருதுகிறார்கள். உண்மையில் அது பெங்களூரு லால்பாக் பூங்கா. மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1760-இல் அமைக்கத் தொடங்கிய தோட்டம் அது. பின்னர் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்தும் செடிகளை வரவழைத்து அதை வளப்படுத்தினார். அங்கே அழகுக்காக நட்டு வளர்க்கப்பட்ட கிவிக்கொடி, போதிய குளிர் கிடைக்காமையால் பழப்பயிராக நிலைபெறவில்லை. அதன்பின் 1963-இல் சிம்லாவின் பாக்லியிலுள்ள தேசியத் தாவர மரபியல் வள நிலையத்தில் கிவி நடப்பட்டது. அக்கொடிகள் 1969-இல் காய்த்தன. இமாசலப் பிரதேசத்தில் இன்று காணப்படும் கிவித் தோட்டங்களுக்கு அந்த ஆறாண்டுக் காத்திருப்பே அடித்தளம். பின்னர் சிக்கிம், உத்தராகண்டம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கும் அப்பயிர் பரவியது. அருணாசலத்தின் ஜீரோ பள்ளத்தாக்கு இன்று கிவிக்குப் பெயர்பெற்ற ஊர்.

இந்த வரலாற்றில் வங்கியர்களாகிய நாங்கள் கவனிப்பது ஒன்றுண்டு. லால்பாக்கில் கிவி கைகொடுக்காதபோது எந்தக் குடும்பத்தின் நகையும் ஏலத்துக்குப் போகவில்லை; எவருடைய நிலப்பத்திரமும் அடமானத்தில் சிக்கவில்லை. பொதுப்பூங்காவும் ஆய்வு நிலையமும் தோல்வியைத் தாங்குவதற்கென்றே ஏற்பட்ட இடங்கள். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. அது சோதனை செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் இழந்தால் தாளக்கூடிய அளவுக்குள் அச்சோதனை அடங்கவேண்டும்.

கிவியின் உலகக் கதையும் இதே பொறுமையைத்தான் சொல்கிறது. சீனாவின் யீசாங் பகுதிக்குச் சென்றுவந்த இசபெல் ஃபிரேசர் என்னும் பள்ளித் தலைமையாசிரியை 1904-இல் அதன் விதைகளை நியூசிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முதற்காய்ப்பு 1910-இல் கிடைத்தது. முதல் ஏற்றுமதி 1952-இல் இங்கிலாந்துக்குச் சென்றது. ‘சைனீஸ் கூஸ்பெர்ரி’ என்று விற்கப்பட்ட பழம் ‘கிவி’ என்னும் வணிகப் பெயரைப் பெற்றது 1959-இல். விதையிலிருந்து வணிகம்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு. நியூசிலாந்தின் தட்பவெப்பம் இப்பயிருக்கு மிகவும் ஏற்றது. அப்படியிருந்தும் அத்தனை காலம் பிடித்தது.

வன்மை எதைத் தாங்கும் வன்மை?

கடைகளில் நாம் காணும் மயிரடர்ந்த பழுப்புநிறக் கிவி ஓர் இனம். ‘ஹார்டி கிவி’ அதன் உறவினம். தாவரவியலார் அதை ஆக்டினிடியா ஆர்குட்டா என்பர். ஜப்பான், கொரியா, வட சீனா, ரஷ்யாவின் கீழைக்கோடி ஆகியவை அதன் தாயகம். ஜப்பானியர் அதைச் சருநாஷி, அதாவது ‘குரங்குப் பேரி’, என்றழைக்கிறார்கள். பெரிய திராட்சை அளவுள்ள பச்சைப்பழம், மேல்தோல் வழவழப்பானது, உரிக்காமலே வாயில் போட்டுக்கொள்ளலாம். சுவையில் பெரிய கிவியைவிட இனிப்பு மிகுதி என்பது உண்டவர் பலரின் கூற்று. விரும்பத்தக்க பழம் என்பதில் நமக்கும் ஐயமில்லை.

ஆனால் ‘ஹார்டி’ என்னும் அடைமொழியை வாடிக்கையாளர்கள் சற்று ஆராய்ந்து நோக்கவேண்டும். எதையும் தாங்கி, எங்கும் விளையும் கொடி என்று அதற்குப் பொருளன்று. இலையுதிர்த்து உறங்கும் நிலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ்வரை குளிரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். கொரியாவிலும் போலந்திலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் அந்தப் பண்பு விலைமதிப்பற்றது. உதகையிலோ கோத்தகிரியிலோ அதனால் என்ன பயன்? நம் மலைகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுவதே சில பள்ளத்தாக்குகளில் சில இரவுகள் மட்டும்தான். நமக்கு வேண்டியது, குளிர் குறைவாகக் கிடைத்தாலும் முறையாக உறங்கி முறையாக விழிக்கும் கொடி. விளம்பரம் போற்றும் வன்மைக்கும் நமக்கு வேண்டிய இயல்புக்கும் தொடர்பில்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். உறக்கத்தில் அத்தனை குளிரைத் தாங்கும் அதே கொடி, தளிர்விட்ட பிறகு இலேசான உறைபனிக்கே கருகிவிடும். நிறைவாக உறங்காத கொடி பருவந்தவறித் தளிர்ப்பதுண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி இறங்கும் நீலகிரிப் பள்ளங்களில் அவ்வாறு தளிர்த்தால், அந்த ஆண்டின் காய்ப்பு அன்றிரவே போய்விடும்.

உயரம் ஒன்று, குளிர் வேறு

குளிர்நாட்டுப் பழப்பயிர்கள் பலவற்றுக்கும் ‘குளிர்மணி’ என்றொரு கணக்குண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே நிற்கும் நேரங்களைக் கூட்டினால் வரும் எண் அது. அந்தக் குளிர் போதிய அளவு கிடைத்த பிறகே மொட்டுகள் சீராக அவிழும். இல்லையேல் இலை வரும், பூ வராது; அல்லது பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். பெரிய கிவியில் உலகெங்கும் புகழ்பெற்ற ‘ஹேவர்டு’ வகைக்குச் சுமார் 700 முதல் 800 மணி நேரக் குளிர் வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. ‘ஆலிசன்’, ‘அபாட்’ போன்ற வகைகளுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் போதும். எந்த வகையாயினும் இந்தக் குளிர்க்கடனைத் தீர்க்காமல் அது காய்ப்பதில்லை.

இமாசலத்தில் கிவி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 முதல் 1,800 மீட்டர் உயரம்வரை பயிராகிறது. இந்த எண்களைப் பார்த்ததும், “கோத்தகிரியும் அந்த உயரம்தானே, உதகை அதைவிட உயரமாயிற்றே” என்ற எண்ணம் எழுவது இயல்பு. இங்கேதான் கணக்கு பிசகுகிறது. சிம்லா நிலநடுக்கோட்டிலிருந்து 31 பாகை வடக்கே இருக்கிறது. உதகை 11 பாகையில் இருக்கிறது. தை மாதத்தில் சிம்லாவில் பகலும் குளிர். பகல் வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டியே நிற்கும். உதகையில் அதே மாதத்தில் இரவு நடுக்கும், ஆனால் பகலில் வெயில் 20 டிகிரிக்கு ஏறிவிடும். இரவில் கொடி சேர்த்த குளிரில் ஒரு பகுதியைப் பகல்வெப்பம் அழித்துவிடுகிறது. இரவில் போட்ட வைப்பைப் பகலில் எடுத்துச் செலவழிக்கும் கணக்கில் இருப்பு எவ்வாறு உயரும்? உயரத்தை மட்டும் வைத்து மலைகளை ஒப்பிடுவது, சம்பளத்தை மட்டும் பார்த்து ஒருவருடைய சேமிப்பை மதிப்பிடுவதைப் போன்றது.

மைசூருவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சுமார் 770 மீட்டர் உயரத்திலுள்ள நம் நகரில் மார்கழி விடியலிலும் வெப்பமானி 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குடகின் மடிக்கேரிக்கும் ஏறத்தாழ இதே விடைதான். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வைத்துப் பார்ப்பவரைத் தடுக்கமாட்டோம். பழத்தை எதிர்பார்த்துப் பணம் போடுபவரைத் தடுப்போம்.

“திராட்சை மட்டும் குளிர்நாட்டுக் கொடியில்லையா? கம்பம் பள்ளத்தாக்கில் அது காய்க்கவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, உறக்கம் என்பதே இல்லாமல் கவாத்துக் கத்தியின் சொல் கேட்டுக் காய்க்கிறது. கத்தரித்தால் தளிர்க்கும், தளிர்த்தால் பூக்கும். கிவி அப்படி இணங்கிவருவதில்லை. உறக்கத்தைக் கலைக்க ஹைட்ரஜன் சயனமைடு போன்ற வேதிப்பொருளைச் சில நாடுகளில் தெளிக்கிறார்கள். அது குறைந்த குளிரை ஓரளவு ஈடுசெய்யுமேயன்றி, இல்லாத குளிரை உண்டாக்காது. கையாள்பவரின் உடலுக்கும் அது நஞ்சு.

இவ்வளவும் சொல்வதால் நீலகிரியின் மேல்தளங்களுக்கும் கொடைக்கானலுக்கும் வாய்ப்பே இல்லை என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. ஜான் சலிவன் 1820-களில் ஐரோப்பியக் காய்கனிகளை உதகையில் பயிரிட்டுப் பார்த்த நாள்முதல், அந்த மலை பல புதுப்பயிர்களை ஏற்றிருக்கிறது. சிலவற்றைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறது. உருளைக்கிழங்கும் பேரியும் பிளம்ஸும் நிலைத்தன. கிவி எந்தப் பட்டியலில் சேரும் என்பதைச் சொல்லவேண்டியது அந்தந்தத் தோட்டத்தின் வெப்பமானியும் அந்தந்தத் தோட்டத்தில் நட்ட கொடியும்தான். விற்பனையாளரின் துண்டறிக்கைக்கு அந்தத் தகுதியில்லை.

ஆண்கொடியும் பெண்கொடியும் கல்தூணும்

பனையில் ஆண்பனை, பெண்பனை என்று இருப்பதை அறிந்தவர்கள் நாம். கிவியும் அப்படியே. பெண்கொடி மட்டுமே காய்க்கும். அருகில் ஆண்கொடி இல்லாவிட்டால் அதுவும் காய்க்காது. ஆறு முதல் ஒன்பது பெண்கொடிகளுக்கு ஓர் ஆண்கொடி என்பது பொதுவான அளவு. இரண்டும் ஒரே காலத்தில் பூக்கவேண்டும். கிவிப்பூவில் தேன் சுரப்பதில்லை. ஆகையால் தேனீக்கள் வேறு பூவைக் கண்டால் அங்கே போய்விடும். தேனீப் பெட்டிகள் வைப்பதையும் சில இடங்களில் கையால் மகரந்தம் தூவுவதையும் செலவில் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஹார்டி கிவியில் ‘இஸ்ஸாய்’ என்னும் வகை ஆண்கொடியின்றியும் காய்க்கும். எனினும் ஆண்கொடி அருகிலிருந்தால் பழம் பெருக்கும்.

விதையிலிருந்து வளர்ந்த கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். பாதித் தோட்டம் ஆண்கொடி என்று நான்காம் ஆண்டில் தெரியவந்தால் அந்த நான்கு ஆண்டுகளை எவர் திருப்பித் தருவார்? ஆகவே ஒட்டுக்கன்று அல்லது தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்றையே வாங்கவேண்டும். வகைப்பெயர், ஆண் பெண் எண்ணிக்கை, நாற்றங்காலின் உரிமம் ஆகிய மூன்றும் ரசீதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். இணையத்தில் படத்தைக் காட்டி விற்கப்படும் கன்றுகளுக்கு இந்த உத்தரவாதம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்தது பந்தல். கிவிக்கொடி மூர்க்கமாகப் படர்வது. பழத்தின் பாரமும் சேரும்போது மூங்கில் பந்தல் தாங்காது. திராட்சைக்கு ஊன்றுவது போன்ற கல்தூண்களோ இரும்புத் தூண்களோ, மேலே இழுத்துக் கட்டிய கம்பிகளோ வேண்டும். ஆறு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் சுமார் 168 கொடிகள் நிற்கும். அவற்றில் ஏறத்தாழ 18 ஆண்கொடிகள். மொத்த முதலீட்டில் பெரும்பகுதியைத் தூணும் கம்பியும் சொட்டுநீரும் விழுங்கும். கன்றின் விலை அதில் சிறுபகுதியே. வேரில் நீர் தேங்கினால் கொடி அழுகும். கோடையில் நீர் தவறினால் இலை கருகும். இரண்டு பருவமழைகளையும் பெறும் நம் மலைச்சரிவுகளில் வடிகாலுக்கும் தனிச்செலவு உண்டு. இளங்கொடியின் மணத்துக்குப் பூனைகள் மயங்கி அதைக் கடித்துப் பிறாண்டுவதும் உண்டென்பதால் முதலாண்டுகளில் கம்பிவலைக் காப்பும் தேவை. இவற்றையெல்லாம் கணக்கில் எழுதாத திட்ட அறிக்கையை நாம் திட்ட அறிக்கையாகக் கொள்வதில்லை.

ஐந்து லட்சத்தின் வளர்ச்சி

கிவிக்கொடி பொதுவாக நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். வணிக அளவில் விளைச்சல் தருவது ஏழாம், எட்டாம் ஆண்டுகளில்தான். அதன்பின் பல பத்தாண்டுகள் பலன் தரும் என்பது அதன் சிறப்பு. இந்தக் கால அட்டவணைக்கு எதிரே கடனின் கால அட்டவணையை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு கணக்கு. ஐந்து லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேருகிறது என்று கொள்வோம். முதற்பழம் கண்ணில் படும் நான்காம் ஆண்டின் முடிவில் பாக்கி 7,32,050 ரூபாய். வணிக விளைச்சலை எட்டும் ஏழாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 9,74,000 ரூபாய். இதனிடையே உரம், நீர், கூலி, கவாத்து ஆகியவற்றுக்கான ஆண்டுச் செலவு தனி. அந்த நிலத்தில் முன்பு கிடைத்துவந்த தேயிலை வருமானம் நின்றுபோனதும் தனி இழப்பு. கொடி வளர்வதற்கு முன் கடன் இரட்டிப்பாகிவிடும் என்பதை எந்தத் துண்டறிக்கையும் சொல்வதில்லை.

நடைமுறையில் இதைவிடக் கவலைக்குரிய ஒன்று நிகழ்கிறது. திட்டக் கடனுக்குக் காகிதங்கள் வேண்டும், காலதாமதமாகும் என்று கருதி, நகைக்கடனிலோ பயிர்க்கடனிலோ கிவி நட முனைகிறார்கள். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் தீர்க்கப்படவேண்டியது. உழவர் கடன் அட்டையில் கிடைக்கும் வட்டிச் சலுகை, நெல், காய்கறி போன்ற குறுகிய காலப் பயிர்ச்செலவுக்கானது. ஐந்தாம் ஆண்டில் காய்க்கும் கொடியை ஓராண்டுக் கடனில் நட்டால், பழத்துக்கு முன்னே நான்கு முறை நகையை மீட்டு மீண்டும் அடகுவைக்க நேரும். தங்கத்தின் விலை ஒருமுறை சரிந்தாலும், வீட்டில் ஒருமுறை மருத்துவச் செலவு வந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த நகையைக் காய்க்குமா காய்க்காதா என்று தெரியாத கொடியில் கட்டித் தொங்கவிடலாகாது. பிணையில்லாத வேளாண் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 1 முதல் இரண்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் பிணை வேண்டாம் என்பதற்குத் திருப்பிச் செலுத்தவேண்டாம் என்று பொருளில்லை.

கடைவிலையும் தோட்டவிலையும்

மைசூருவின் பழக்கடையில் ஒரு கிவியின் விலையைப் பார்த்து, அதைக் கொடியின் காய்ப்பால் பெருக்கி வருமானம் எழுதிவரும் விண்ணப்பங்கள் உண்டு. கடைவிலையில் தரம்பிரித்தல், அட்டைப்பெட்டி, குளிர்வண்டி, இடைத்தரகு, அழுகிய பழத்தின் நட்டம் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. மேலும் நம் கடைகளுக்கு நியூசிலாந்து, இத்தாலி, சிலி முதலிய நாடுகளிலிருந்து பழம் வருகிறது. இமாசலத்தின் அறுவடை அக்டோபரில் தொடங்கும். தென்னகப் பழம் வந்தாலும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வரும். ஆகவே போட்டியின்றி விற்கும் காலம் நமக்கென்று தனியே கிடைப்பது கடினம்.

பெரிய கிவியைக் குளிர்சாதன அறையில் சில மாதங்கள் வைத்திருக்கலாம். ஹார்டி கிவி மென்தோல் உடையது. சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். பறித்த ஊருக்கும் விற்கும் ஊருக்கும் இடையே குளிர்வசதி அறுபடாமல் இருந்தாலன்றி அது பழமாகச் சந்தைக்கு வந்துசேராது. 2020-இல் தொடங்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியத்தில் இரண்டு கோடி ரூபாய்வரையிலான கடனுக்கு ஏழாண்டுக் காலம் 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி உண்டு. ஆனால் அது குளிர்அறை, தரம்பிரிக்கும் கூடம் போன்ற அறுவடைக்குப் பிந்தைய வசதிகளுக்கானது, கொடி நடுவதற்கானதன்று. உழவர் குழுவாகச் சேர்ந்து அதைப் பெறுவது நன்று. தனியொருவர் தம் அரை ஏக்கர் பழத்துக்காகக் குளிர்அறை கட்டுவது தகாது.

பதப்படுத்தலாமே என்பார்க்கும் ஒரு சொல். கிவியில் ‘ஆக்டினிடின்’ என்னும் நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். ஜெலட்டின் சேர்த்த ஜெல்லியை உறையவிடாது. சூடாக்கினால் நொதி அடங்கும். இத்தகைய நுட்பங்களில் வழிகாட்டக்கூடிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950 முதல் நம் மைசூருவிலேயே இயங்கிவருவது நமக்கு வாய்த்த நற்பேறு. இயந்திரத்துக்குக் கடன் கேட்பதற்கு முன் அங்கே ஒருமுறை சென்று வாருங்கள். மற்றொன்று: வைட்டமின் சி-க்காகவே கிவி விற்கும் என்று நம்பவேண்டாம். 100 கிராம் கிவியில் சுமார் 90 மில்லிகிராம் இருக்கிறது. கொய்யாவில் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். வாங்குபவர் ஒருநாள் அதை அறிந்துகொள்வார்.

மண்ணோடு பொருந்திய பழம்

நம் ஊருக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. நஞ்சன்கூடு ரசபாளை வாழை, அந்த ஊரைச் சுற்றியுள்ள கரிய களிமண்ணில் விளையும்போதே தன் மணத்தையும் சுவையையும் பெறுகிறது. புவிசார் குறியீடு பெற்ற அந்த வாழையை வேறிடத்தில் நட்டால் மரம் வரும். அந்தச் சுவை வாராது. அதே வாழை பனாமா வாடல் நோயால் நலிந்து, பரப்பளவு சுருங்கியபோது மைசூருக்காரர்கள் எவ்வளவு வருந்தினார்கள் என்பதையும் அறிவோம். ஊரோடு பொருந்திய பயிரைக் காப்பதற்கும் முதலீடு வேண்டும். புதுப்பயிர் மோகத்தில் அது மறக்கப்படுகிறது.

குடகில் நிலமுடையோருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. செட்டள்ளியிலுள்ள மத்திய தோட்டக்கலைச் சோதனை நிலையம் குடகு ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், ரம்புட்டான் ஆகியவற்றில் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. காப்பித் தோட்டத்தினிடையே வளரும் வெண்ணெய்ப்பழ மரத்துக்குக் குளிர்மணியும் வேண்டாம், கல்தூணும் வேண்டாம். புதுமையை விரும்புவோர், தம் மண்ணுக்கு ஏற்ற புதுமையை முதலில் நாடுவது அறிவுடைமை.

ஒன்பது கொடிகளும் ஒரு தொடர்வைப்பும்

இனி, நீலகிரியின் மேல்தளத்திலோ கொடைக்கானலிலோ நிலமுடைய வாடிக்கையாளர் என்ன செய்யலாம் என்பதற்கு நம் பரிந்துரை.

முதலாவது, நவம்பர் முதல் பிப்ரவரிவரை தோட்டத்தில் வெப்பப் பதிவுக்கருவி ஒன்றை வைத்து, மணிக்கு மணி வெப்பநிலையைப் பதியுங்கள். இரண்டு குளிர்காலங்கள் பதிந்தால் உங்கள் நிலத்தின் குளிர்மணிக் கணக்கு கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு குன்னூர் சிம்ஸ் பூங்காவை அடுத்துள்ள பழவியல் நிலையத்தையோ, உதகையிலும் கொடைக்கானலிலும் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களையோ அணுகுங்கள்.

இரண்டாவது, கணக்கு நம்பிக்கை தந்தால் ஒன்பது கொடிகள் நடுங்கள்: எட்டுப் பெண், ஓர் ஆண். பெண்கொடிகளில் குறைந்த குளிர் கேட்கும் வகைகள் இரண்டோ மூன்றோ இருக்கட்டும். ஹார்டி கிவியும் ஒன்றிரண்டு இருக்கட்டும். ஆனால் அதற்கு ஏற்ற ஆண்கொடியும் சேர்ந்திருக்கவேண்டும். இதற்குத் தேவையான இடம் ஐந்தரை சென்ட். மீதி நிலத்தில் தேயிலையோ காய்கறியோ வழக்கம்போல் தொடரட்டும். இச்செலவு சேமிப்பிலிருந்து வரட்டும்; கடன் வேண்டாம்.

மூன்றாவது, கொடி நட்ட அதே மாதத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு ஐந்தாண்டுத் தொடர்வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். கொடி தன் முதற்பழத்தைக் காட்டும் காலத்தில் உங்கள் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் அசலும் அதன் வட்டியும் சேர்ந்திருக்கும். கொடி காய்த்தால் அந்தத் தொகை பந்தலுக்கு உங்கள் பங்காகும். வாங்கவேண்டிய கடன் அந்த அளவுக்குச் சுருங்கும். கொடி காய்க்காவிட்டால் மூன்று லட்சம் உங்களிடமே இருக்கும். இழப்பு ஐந்தரை சென்ட் நிலத்தின் சில ஆண்டு உழைப்போடு முடியும். இந்த ஏற்பாட்டில் எந்த முடிவு வந்தாலும் குடும்பம் குலையாது.

வங்கிகளுக்கும் சில கடமைகள்

வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்லிவிட்டு வங்கியர்கள் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. நெடுங்காலப் பழப்பயிருக்குக் கடன் தரும்போது, காய்க்கும்வரை தவணை கேட்காத காலத்தைப் பயிரின் இயல்பையொட்டி நிர்ணயிக்கவேண்டும். எல்லாப் பயிர்களுக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையை மாட்டுவது கூடாது. கடன்தொகையை ஒரே தவணையில் கொடுத்துவிடாமல், கன்று, பந்தல், நீர்வசதி என்று பணி முடிய முடிய விடுவிக்கவேண்டும். நிலத்தின் குளிர்மணிப் பதிவையும் அரசு ஆய்வு நிலையத்தின் கருத்தையும் கேட்டுப் பெறவேண்டும். நிலத்தின் சந்தை மதிப்பு போதுமானதாயிருக்கிறது என்பதற்காக, காய்க்காத பயிருக்குக் கடன் வழங்குவது வங்கிக்குப் பாதுகாப்பாக இருக்கலாம், வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பாகாது. அடமான நிலத்தை விற்றுப் பாக்கியை வசூலிக்கும் நிலை வந்தால், வங்கியின் ஏடுகளில் கணக்கு நேராகும். மூன்று தலைமுறையாகப் பேணிய நிலம் கைமாறிப்போகும்.

“விண்ணப்பம் தள்ளப்பட்டது” என்று ஒரு வரியில் எழுதி அனுப்புவதும் போதாது. எந்தப் புள்ளிவிவரம் குறைகிறது, அதை எங்கே பெறலாம், எப்போது மீண்டும் வரலாம் என்பதை வாடிக்கையாளர் புரிந்துகொள்ளும் மொழியில் சொல்லவேண்டும். ஆர்வமுள்ள விவசாயியைச் சலிப்படையச் செய்து வட்டிக்கடைக்கு அனுப்பிவைப்பதைவிட, இரண்டு குளிர்காலம் காத்திருக்கச் சொல்லி வழிகாட்டுவது நல்ல வங்கிப்பணி.

ஆகவே, கிவிக்குக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவது மூன்று தாள்களே: இரண்டு குளிர்காலத்தின் வெப்பப் பதிவு, ஆண் பெண் வகைகளைக் குறிப்பிட்ட கன்று ரசீது, உங்கள் ஒன்பது கொடிகள் தந்த பழத்தின் எடைக்குறிப்பு. இம்மூன்றும் கையிலிருந்தால், கொடி காய்க்கும்வரை பொறுத்திருக்கும் கடனை வங்கியிடம் துணிந்து கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு அப்போது முழுமையாக உண்டு. வரும் நவம்பர் பிறப்பதற்குள் வெப்பப் பதிவுக்கருவியை வாங்கி வைத்துவிடுங்கள்.